மலைச் சைக்கிள் டயர் பொருந்தவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

எந்த அறிகுறியைத் துரத்தத் தொடங்கும் முன்பும் டயரின் பக்கச்சுவரில் ஓர் எண்ணைத் தேடிப் படியுங்கள். 26, 27.5, 29 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும் அங்குல எண்ணை நான் சொல்லவில்லை. அதன் பக்கத்திலேயே சிறிய எழுத்தில், 57-584 என்பதுபோல, நடுவே கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டரில். இ.டி.ஆர்.டி.ஓ. (ஐரோப்பிய டயர், ரிம் தொழில்நுட்ப அமைப்பு) அளவு என்று இதைச் சொல்வார்கள்; ஐ.எஸ்.ஓ. 5775 என்ற சர்வதேசத் தரமும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது.

இரண்டாவது எண்ணில் சமரசமே கிடையாது. ரிம் 584 என்றால் டயரும் 584. முதல் எண்ணில் கொஞ்சம் இடம் இருக்கிறது. எவ்வளவு என்பதைக் கீழே பார்ப்போம். ரிம்மிலும் 584 x 30 என்பதுபோல ஒட்டியோ பொறித்தோ இருக்கும். அங்கே 30 என்பது ரிம்மின் உள் அகலம். டயர், ரிம் இரண்டிலுமிருந்து இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பாதிச் சிக்கல் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

டயர் ரிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது

முதல் சந்தேகம் விட்டத்தின் மேல்தான் விழ வேண்டும். அங்குலப் பெயர்கள் பல நாடுகளில், பல காலங்களில், தனித்தனியாக முளைத்தவை. அவற்றுக்குள் ஒழுங்கைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். மலைச் சைக்கிளில் 26 அங்குலம் என்றால் 559. ஆனால் 26 x 1 3/8 என்று அச்சிட்ட டயர் 590. 26 x 1 3/4 என்றிருந்தால் 571. 26 x 1 1/2 என்பதோ 584. அதாவது இன்று 27.5 என்று விற்கப்படும் அதே விட்டம்! பிரெஞ்சுக்காரர்கள் 650பி என்று அழைத்த பழைய அளவுதான் பிற்காலத்தில் மலைச் சைக்கிளுக்கு வந்து 27.5 என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது.

இதிலிருந்து ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அகலம் தசமத்தில் எழுதப்பட்ட டயரும் பின்னத்தில் எழுதப்பட்ட டயரும், கணக்கில் ஒரே அளவாகத் தெரிந்தாலும், ஒன்றுக்கொன்று மாற்றாகாது. 26 x 1.75 வேறு, 26 x 1 3/4 வேறு. கணக்கு வாத்தியாருக்கு இது எவ்வளவு வருத்தம் தந்தாலும் டயர் உலகின் நிலை இதுதான்.

இன்னொரு பொறி 27, 28, 29. மலைச் சைக்கிளின் 29 என்பது 622. சாலை சைக்கிளின் 700சி, ஐரோப்பிய நகரச் சைக்கிள்களின் 28 x 1.75 ஆகியவையும் 622தான். ஆகவே 29 அங்குல ரிம்மில் 28 என்று எழுதிய டயர் ஏறினால் வியப்படைய வேண்டாம். ஆனால் பழைய சாலை சைக்கிள்களின் 27 அங்குலம் 630. பெயரில் சிறியது, உண்மையில் 29-ஐவிட 8 மி.மீ. பெரியது. 28 x 1 1/2 என்ற கனமான பழைய சைக்கிள் டயர் அதைவிடப் பெரியது, 635. சிறுவர் சைக்கிள்களில் 24 அங்குல மலை டயர் 507. 24 x 1 3/8 என்பது 540.

எண்கள் பொருந்துகின்றன, ஆனாலும் ஏறவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் பொருத்தும் முறையில் இருக்கும். டயரின் உள்ஓரத்தில் கம்பியோ நாரோ பொதிந்த வளையம் இருக்கிறதல்லவா, அதைப் பீட் என்பார்கள். அது நீளாது. ரிம்மின் குறுக்குவெட்டைப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும்; ஓரங்களைவிட அங்கே சுற்றளவு குறைவு. ஏறிவிட்ட பகுதியின் பீட் அந்தப் பள்ளத்தில் இறங்கியிருந்தால்தான் மீதிப் பகுதிக்குத் தளர்வு கிடைக்கும். வால்வுக்கு நேர் எதிரில் தொடங்கி இரு கைகளாலும் இரு புறமும் ஏற்றிக்கொண்டே வந்து வால்வில் முடியுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் பீட் பள்ளத்துக்குள் இறங்க முடியாது. அதனால்தான் அந்த இடத்தைக் கடைசிக்கு விடுகிறோம். கடைசி ஒரு சாண் அடம் பிடிக்கும்போது டயரை நெம்பும் லீவரைத் தேடாதீர்கள். எதிர்ப்புறத்திலிருந்து தொடங்கி, டயரை இரு பக்கமும் நசுக்கிப் பீட்டைப் பள்ளத்துக்குள் தள்ளியபடியே மேலே வாருங்கள். சோப்புத் தண்ணீர் நன்றாக உதவும்.

அப்போதும் இறுக்கமாகவே இருந்தால் ரிம்மின் உள்ளே ஒட்டியிருப்பதைப் பாருங்கள். தடித்த ரப்பர் பட்டையோ, நாலைந்து சுற்றாக ஒட்டிய டேப்போ பள்ளத்தை நிரப்பிவிட்டால் பீட் இறங்க இடம் ஏது? அதை உரித்துவிட்டு, மெல்லிய டியூப்லெஸ் (ட்யூப் இல்லாமல் ஓடும் டயருக்கான) டேப்பை ஒன்று அல்லது இரண்டு சுற்று ஒட்டுங்கள். இதற்குப் பிறகும் உலோக லீவரால் நெம்பித்தான் ஏற்ற முடியும் என்றால் நிறுத்திவிட்டு எண்களை மறுபடி படியுங்கள். நெம்பி ஏற்றிய டயரை வழியில் பஞ்சரானால் கழற்றவும் முடியாது.

டயர் தொளதொளவென்று ஏறுகிறது, காற்றடித்தால் ஒரு பக்கம் வழுவுகிறது

இது முந்தையதைவிட ஆபத்தானது. டயரின் விட்டம் ரிம்மைவிடப் பெரிதாக இருக்கலாம், அல்லது பீட்டின் உள்ளே கம்பி அறுந்திருக்கலாம். விரல்களால் பீட்டைச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் முறிவு, நெளிவு, வெளியே எட்டிப் பார்க்கும் இழை எது தட்டுப்பட்டாலும் அந்த டயர் முடிந்தது. ஒட்டுப் போட்டுக் காப்பாற்றும் பகுதி அதுவல்ல. டயர் வெடித்துக் கழன்றால் அது முன் சக்கரத்திலும் நடக்கலாம். அப்போது கீழே விழுபவர் நீங்கள்.

டயரைக் கையால் ஏற்ற முடிவது மட்டும் குற்றமல்ல. நல்ல டியூப்லெஸ் டயர்கள் பல லீவர் இல்லாமலே ஏறும். காற்றடித்த பிறகு பீட் சுற்றிலும் சமமாக உட்காருகிறதா என்பதுதான் கேள்வி.

ஏறிவிட்டது, ஆனால் சுற்றும்போது குதிக்கிறது அல்லது ஆடுகிறது

ரிம்முக்கு மேலே, டயரின் பக்கச்சுவரில், சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடும். அது இருப்பதே இந்தச் சோதனைக்காகத்தான். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, அந்தக் கோட்டுக்கும் ரிம்மின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள்.

ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்தால் பீட் அங்கே மேலே வரவில்லை என்று பொருள். காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கையால் பிசைந்துவிட்டு மறுபடி காற்றடியுங்கள். பீட் தன் இடத்தில் விழும்போது சத்தம் கேட்கும். டயரிலும் ரிம்மிலும் அதிகபட்ச அழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. 'இன்னும் ரெண்டு பம்ப் அடித்தால் உட்கார்ந்துவிடும்' என்ற ஆசையில் தாண்டுவதால் ரிம் பிளந்திருக்கிறது, டயர் முகத்தருகே வெடித்திருக்கிறது. சோப்பும் பொறுமையும் செய்யாததை அழுத்தம் செய்யப்போவதில்லை.

ஓரிடத்தில் கோடு வெளியே உயர்ந்து நின்றால், உள்ளே ட்யூப் பீட்டுக்கு அடியில் சிக்கியிருக்கலாம். உடனே காற்றை இறக்குங்கள். வால்வு அருகே அப்படி இருந்தால், காற்றில்லாதபோது வால்வை உள்நோக்கி ஒருமுறை தள்ளி இழுத்துவிடுங்கள்.

கோடு சுற்றிலும் சீராக இருக்கிறது, ஆனாலும் சக்கரம் ஆடுகிறது என்றால் ரிம்மை மட்டும் கவனியுங்கள். ஃபிரேமில் ஒரு பென்சிலை அண்டக்கொடுத்து ரிம்மின் ஓரத்தைப் பார்த்தால் வளைவு தெரியும். ரிம்மும் நேராக இருந்தால் மிச்சம் ஒரே காரணம்தான்: டயரின் உள் இழைகள் அறுந்து வடிவம் குலைந்துவிட்டது. பட்டன்கள், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் முடிச்சுகள், வரிசையாக ஓடாமல் ஓரிடத்தில் பாம்புபோல நெளிந்தால் அதுவே சாட்சி. புதிய டயரில் இப்படி இருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் தவறல்ல.

டியூப்லெஸ் டயர் காற்றைப் பிடிக்கவே இல்லை

பம்ப் அடிக்க அடிக்கக் காற்று ஓரங்களில் புஸ்ஸென்று போகிறதா? வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டு அடியுங்கள். காற்று வேகமாக உள்ளே பாயும். கம்ப்ரசர் அல்லது காற்றைச் சேமித்து ஒரே மூச்சில் விடும் கலம் கொண்ட பம்ப் இருந்தால் இன்னும் நல்லது. மடித்து விற்கப்பட்ட டயரின் பீட் சுருண்டிருக்கும். அதற்கு உள்ளே ஒரு ட்யூப்பைப் போட்டு ஓர் இரவு காற்றோடு விட்டுவிடுங்கள். மறுநாள் ஒரு பக்கப் பீட்டை மட்டும் விடுவித்து ட்யூப்பை உருவினால், மற்றப் பக்கம் உட்கார்ந்தபடியே இருக்கும். பாதி வேலை முடிந்தது. ஓட்டைகளை அடைக்கும் திரவமான சீலண்டை முதலிலேயே ஊற்ற வேண்டாம். வெறும் டயர் உட்கார்ந்த பிறகு வால்வு வழியாக ஊற்றலாம்.

உட்கார்ந்த டயரில் காற்று மெதுவாகக் குறைகிறது என்றால் எங்கிருந்து போகிறது என்று பாருங்கள். ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் மரையான நிப்பிளின் துளை வழியாகக் குமிழி வந்தால் ரிம் டேப்பில் ஓட்டை, அல்லது டேப்பின் அகலம் போதவில்லை. டேப் ரிம்மின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை மூட வேண்டும்; பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டியிருப்பதால் உள் அகலத்தைவிடச் சில மி.மீ. கூடுதலான டேப் வாங்குவது சரி. வால்வின் அடியில் குமிழி வந்தால் கையால் மரையை இறுக்குங்கள், குறடு வேண்டாம். ஓரத்தில் வந்தால் சக்கரத்தைக் கிடத்தி ஆட்டி, சீலண்ட் அங்கே சேர விடுங்கள்.

டியூப்லெஸ்ஸுக்கென்று செய்யப்படாத பழைய ரிம்மில் பீட்டைத் தாங்கிப் பிடிக்கும் மேடு இருக்காது. வீட்டில் காற்றுப் பிடித்தாலும், திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் அழுந்தும்போது காற்று ஒரேயடியாக வெளியேறிவிடும். அந்த ரிம்மில் ட்யூப் போட்டே ஓட்டுங்கள்.

டயர் ஃபிரேமில் அல்லது ஃபோர்க்கில் உரசுகிறது

அகலமான டயர் மீது எல்லாருக்கும் ஆசை. பிடிப்பு கூடுகிறது, கல்லும் வேரும் கையை அவ்வளவாக உலுக்குவதில்லை, ஆசை நியாயமானது. அதனால்தான் மலைச் சைக்கிளில் மிக அதிகமாக வரும் அளவுச் சிக்கல் இது.

முதலில் உரசல் தழும்பு எங்கே என்று பாருங்கள். பின் சக்கரத்தின் இரு பக்கமும் செல்லும் குழாய்களில் என்றால் அகலம் அதிகம். நடுவில், இருக்கைக் குழாய்க்குப் பின்னாலோ குறுக்குப் பாலத்திலோ என்றால் உயரம் அதிகம். டயர் அகலமாக ஆக உயரமும் கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சைக்கிளை நிறுத்தி வைத்து 6 மி.மீ. ஆலன் சாவியை டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையில் சுற்றிலும் நுழைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் தாராளமாகப் போனால் நல்லது. பல தயாரிப்பாளர்கள் கேட்கும் இடைவெளி அவ்வளவு. 3 அல்லது 4 மி.மீ.தான் இருக்கிறது என்றால் நிற்கும்போது உரசாது, மிதிக்கும்போது உரசும். ரிம்மில் ஒரு மி.மீ. வளைவு, எழுந்து நின்று மிதிக்கையில் சக்கரமும் ஃபிரேமும் வளைவது, பட்டனில் ஒட்டிய சேறு எல்லாம் சேர்ந்து அந்த இடைவெளியைத் தின்றுவிடும். பக்கத்துப் பட்டன்களில் சிக்கிய சிறு கல் ஒன்றே பெயின்ட்டை அரம்போல் அராவும். கார்பன் ஃபிரேமில் இதை ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். பெயின்ட்டைத் தாண்டினால் அறுபடுவது ஃபிரேமின் பலம்.

வாங்கும் முன்பே கணக்குப் போட விரும்பினால், டயரில் எழுதிய அகலத்தை அப்படியே நம்ப வேண்டாம். 2.4 அங்குலம் என்றால் 61 மி.மீ.; ஆனால் அது குறிப்பிட்ட ஒரு ரிம் அகலத்தில் அளந்தது. ரிம்மின் உள் அகலம் 1 மி.மீ. கூடினால் டயரின் அகலம் ஏறத்தாழ 0.4 மி.மீ. கூடும். 25 மி.மீ. ரிம்மிலிருந்து 30 மி.மீ. ரிம்முக்கு மாறினால் அதே டயர் 2 மி.மீ. பெருத்துவிடும். புதிய டயர் காற்றடைத்த முதல் ஒன்றிரண்டு நாளில் இன்னும் கொஞ்சம் விரியும். அதனால் மாட்டிய கையோடு அளக்காமல் மறுநாள் வெர்னியரால் அளந்து, அந்த எண்ணையே உங்கள் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது பக்கச்சுவரின் அகலம், வெளிப் பட்டன்களின் அகலம் இரண்டையும் எடுங்கள்; எது பெரிதோ அதுதான் உரசும்.

ஒரு பக்கம் மட்டும் உரசினால் டயரைக் குறை சொல்லும் முன் சக்கரம் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிளைத் தரையில் நிறுத்தி, ஆக்சிலைத் தளர்த்தி, ஃபிரேமின் எடை சக்கரத்தில் முழுமையாக உட்காரும்படி அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி இறுக்குங்கள். பாதிப் புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும். தீரவில்லை, அது முன் சக்கரம் என்றால், இடம் வலமாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள். சோதிக்க மட்டும்தான், அப்படியே ஓட்டக் கூடாது. உரசல் மறுபக்கம் போனால் ரிம் ஹப்பின் (சக்கரத்தின் மைய உருளையின்) நடுவில் இல்லை, ஸ்போக்குகளைச் சரிசெய்தால் போதும். அதே பக்கம் இருந்தால் ஃபோர்க்கைப் பார்க்க வேண்டும். பின் சக்கரத்தில் சில ஃபிரேம்கள் ஹப்பைவிட ரிம் ஒரு பக்கம் தள்ளி இருக்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. வேறு ஃபிரேமிலிருந்து எடுத்த சக்கரத்தை அதில் மாட்டினால் நடுவில் நிற்காது.

பின் சக்கரத்துக்கு மட்டும் ஓர் அளவு குறைந்த டயர் போடுவது நல்ல தீர்வு. 2.4 முன்னே, 2.25 பின்னே என்று ஓட்டுவது மலைப் பாதைக்காரர்களிடையே வழக்கமானதே. அகலமான பின் டயரை மாட்டியதும், மிகப் பெரிய பல்சக்கரத்தில் செயினை ஏற்றி, அது டயரைத் தொடுகிறதா என்றும் பாருங்கள்.

சாதாரணமாக ஓடுகிறது, பெரிய குழியில் இறங்கும்போது மட்டும் 'கிரீச்' என்கிறது

சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது டயர் எங்கோ தொடுகிறது. ஃபோர்க் அதன் கடைசி மில்லிமீட்டர் வரை அமுங்கினால் டயர் மேலே உள்ள கிரீடத்தில் (ஃபோர்க்கின் கால்கள் உச்சியில் சேரும் பகுதியில்) இடிக்கும். அங்கே சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலே பறப்பார். இந்தச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

காற்று ஃபோர்க் என்றால் முதலில் அதன் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காற்றை மெதுவாக முழுவதும் இறக்கி, ஃபோர்க்கை அடிவரை அழுத்திப் பிடித்து, டயரின் உச்சிக்கும் கிரீடத்துக்கும் இடையிலும், இரு கால்களையும் இணைக்கும் வளைவுக்குக் கீழேயும் ஆலன் சாவியை விட்டுப் பாருங்கள். பின் ஷாக்கிலும் இதே முறைதான். அங்கே இருக்கைக் குழாயையும், தாழ்த்திய நிலையில் இருக்கையின் பின்புறத்தையும் கவனியுங்கள். இடைவெளி இல்லையென்றால் அந்த டயர் அந்தச் சைக்கிளுக்கு இல்லை. ஷாக்கில் காற்றைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். என்றாவது ஒரு நாள் அது முழுக்க அமுங்கத்தான் செய்யும்.

திருப்பத்தில் டயர் வழுக்கி நெளிகிறது

அழுத்தத்தைச் சரிபார்த்தாகிவிட்டது, ஆனாலும் திருப்பத்தில் பின்பக்கம் தள்ளாடுகிறது என்றால் ரிம் குறுகலானது. சக்கரத்தை முன்னிருந்து பாருங்கள். டயர் கீழே ஒடுங்கி மேலே பருத்து, மின்விளக்குக் குமிழ்போல் நிற்கும். எதிர்த் தவறும் உண்டு: மிக அகலமான ரிம்மில் குறுகிய டயர் போட்டால் மேற்பகுதி தட்டையாகி, பக்கப் பட்டன்கள் தரைக்கு மிகச் சீக்கிரம் வந்துவிடும், பக்கச்சுவர் கல்லில் கிழியும்.

ஏறத்தாழச் சொன்னால், உள் அகலம் 20 மி.மீ. சுற்றியுள்ள பழைய ரிம்மில் 2.25-க்கு மேல் போகாதீர்கள். 25 மி.மீ. ரிம்முக்கு 2.2 முதல் 2.4 வரை. 30 மி.மீ.க்கு 2.3 முதல் 2.6 வரை. 35 மி.மீ.க்கு 2.5 முதல் 2.8 வரை. ரிம் தயாரிப்பாளர் வேறு எல்லை சொன்னால் அதுவே இறுதி.

ட்யூப் அடிக்கடி பஞ்சராகிறது, வெளியே முள் எதுவும் இல்லை

ஓட்டை எங்கே என்பது காரணத்தைச் சொல்லிவிடும். ரிம் பக்கமாக என்றால் நிப்பிள் துளையை மூடும் டேப் விலகியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்கள் என்றால் டயர் ரிம்மோடு நசுங்கியது, அழுத்தம் குறைவு. மடிப்பு வழியே கீறல் என்றால் ட்யூப் பெரிது. 29-க்கான ட்யூப்பை 27.5-இல் திணித்தால் மடியும், அவசரத்துக்கு 27.5 ட்யூப் 29-இல் நீண்டு கொடுக்கும், வீடு சேரும் வரை போதும். வால்வின் அடியில் கிழிந்தால் ரிம் துளையைப் பாருங்கள். கார் டயர் வகை வால்வுக்கு 8.5 மி.மீ. துளை, மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அதைவிட 2 மி.மீ. குறைவு. பெரிய துளையில் மெல்லிய வால்வைப் போட்டால் ட்யூப் அந்தச் சந்தில் பிதுங்கிக் கிழியும். துளையைக் குறுக்கும் சிறு வளையம் கிடைக்கிறது, போடுங்கள். எதிர்த் திசையில், சிறிய துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரிம்மின் பலவீனமான இடம் அது. வால்வு சாய்ந்து நின்றால் டயர் ரிம்மில் நழுவி ட்யூப்பை இழுத்துப்போகிறது, காற்றைக் கூட்டுங்கள்.

டயர் மாற்றிய பின் பெடல் தரையில் இடிக்கிறது அல்லது வேகமானி தவறாகக் காட்டுகிறது

வெளிவிட்டம் மாறியிருக்கிறது. இரண்டாவது எண்ணோடு முதல் எண்ணை இரண்டு முறை கூட்டினால் ஏறத்தாழ வந்துவிடும். 57-622 என்றால் 736 மி.மீ. 71-584 என்றால் 726. இரண்டுக்கும் இடையில் ஆரத்தில் 5 மி.மீ.தான் வித்தியாசம்; அதனால்தான் 29 அங்குல ஃபிரேம்கள் சிலவற்றில் தடித்த 27.5 சக்கரங்களைப் போட முடிகிறது. 57-584-ஐப் போட்டால் மொத்த விட்டம் 698. சைக்கிளும் பெடலும் 19 மி.மீ. தாழ்ந்துவிடும், பாறையில் இடிக்கத்தான் செய்யும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில் 559-இலிருந்து 584-க்கு மாறவும் முடியாது. பிரேக் கட்டை 12.5 மி.மீ. கீழே நின்றுவிடும்.

வேகமானிக்கு, வால்வைக் கீழே வைத்துத் தரையில் ஒரு கோடு போடுங்கள். இருக்கையில் உட்கார்ந்தபடி சக்கரம் ஒரு முழுச் சுற்று உருண்டு வால்வு மறுபடி கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. இடைப்பட்ட தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து கருவியில் பதியுங்கள்.